கோல் வாசலில் ஊற்றிய தண்ணீர்

கில்பார்னன் ரோவர்ஸ் மைதானத்தில், சாலைப் பக்கத்து கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பலகை நிற்கிறது. அயர்லாந்து கோல்கீப்பர் ஆல்வா டோர்மியை உருவாக்கிய மண் இது என்று அதில் பச்சை எழுத்தில் எழுதியிருக்கிறது. கீழே, அளவில் அதிகம் குறையாத எழுத்தில், கிளப் தலைவர் கோர்மக் ஹெஸ்லின் திறந்து வைத்தது என்றும் இருக்கிறது. பலகைக்குக் குழி தோண்டியவன் நான்தான். இருபத்திரண்டு வருடமாக அந்த மைதானத்துப் புல்லை வெட்டி, கோடு போட்டு, வடிகாலைத் தூர் எடுத்து வருகிறேன். அதனால் ஒன்று சொல்ல முடியும். பலகையில் இருப்பது பொய் இல்லை. அவளைக் கோல்கீப்பர் ஆக்கியது அந்த மண்தான். எப்படி ஆக்கியது என்று எழுதத்தான் பலகையில் இடம் போதவில்லை.

ஆல்வாவின் அப்பா நோயல், பால் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறவர். அம்மாவுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஆறு வயதில் அவளைக் கொண்டுவந்து பையன்கள் கூட்டத்தில் விட்டார்கள். இடது கால்காரி. பந்து காலுக்கு வரும் முன்பே அது அடுத்து எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்துவிடுகிற பிள்ளை. நடு ஆட்டத்தில் நின்றுகொண்டு இரண்டு பக்கத்துக்கும் பந்தைப் பிரித்துக் கொடுப்பாள். வேலியோரம் நின்று பார்க்கிற ஆண்கள், பையன் மாதிரி ஆடுறாளே என்பார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு அவர்களிடம் கையிருப்பில் இல்லை. அந்தப் பையன்களில் பாதிப்பேர் அவள் மாதிரி ஆட வராமல்தான் ஆட்டத்தை விட்டுப் போனார்கள் என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

எங்கள் லீகில் பதினான்கு வயதோடு பையன்களோடு ஆடுவது முடிந்துவிடும். பெண்களுக்கு அணி கிடையாது. அணி ஆரம்பித்தவள் டிம்ப்னா ரெஹில், எங்கள் பகுதித் தபால்காரி. எந்த வீட்டில் எந்த வயதில் பெண் இருக்கிறாள், எந்த வீட்டுக்குப் பூட்ஸ் பார்சல் வருகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தபால் போடுகிற வழியிலேயே பதின்மூன்று பேரைச் சேர்த்துவிட்டாள். கமிட்டி அனுமதி கொடுத்தது. பயிற்சி கார் நிறுத்துமிடத்துச் சரளைக் கல்லில். ஆட்டம் பெரிய மைதானத்தில், மண் இடம் கொடுத்தால்.

இந்த 'மண் இடம் கொடுத்தால்' என்பது ஹெஸ்லின் கண்டுபிடித்த வாசகம். ஊரில் டயர் கடை வைத்திருப்பவர். நெஞ்சில் தன் பெயரின் முதலெழுத்துகள் தைத்த கிளப் கோட்டைக் கழற்றாமலே பதினெட்டு வருடமாகத் தலைவராக இருப்பவர். ஜனவரியில் பொதுக்குழு கூடும். ஒன்பது பேர் வருவார்கள். எல்லார் வாயிலும் ஹாம் சாண்ட்விச் இருக்கிற நேரம் பார்த்து, வேறு யாராவது நிற்கிறீர்களா என்று கேட்பார். மெல்லுகிற வாய் பதில் சொல்லாது. அதுதான் எங்கள் ஊர்த் தேர்தல்.

மண் இடம் கொடுக்கிறதா என்று பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தன்று காலையில் நடுவர் வந்து கோல் வாசலில் நின்று பூட்ஸ் குதிகாலை ஊன்றி அழுத்துவார். குதிகால் உள்ளே போய்த் தண்ணீர் மேலே வந்தால் ஆட்டம் கிடையாது. இதில் ஓர் அதிசயம் கவனித்திருக்கிறேன். ஒரு குளிர்காலத்தில் பெண்களின் ஆட்டம் பதினொன்றில் ஏழு ஈரம் என்று ரத்தானது. அந்த ஏழு நாளும் பிற்பகலில் ஆண்கள் அதே மைதானத்தில் ஆடினார்கள். ஆண் குதிகால் எது, பெண் குதிகால் எது என்று எங்கள் மண்ணுக்குத் தெரியும்.

ஆல்வாவுக்குப் பதினாறு வயதில் தேசிய இளையோர் அணித் தேர்வுக்கு அழைப்புக் கடிதம் வந்தது. கிளப் செயலாளர் பெயருக்கு வந்தது. செயலாளர் என்பவர் ஹெஸ்லினின் மைத்துனர். கடிதம் அவருடைய வேனில், ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற தட்டில், பழைய மிட்டாய்க் காகிதங்களுக்கு அடியில் மூன்று வாரம் கிடந்தது. வெளியே வந்தபோது தேர்வு முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அந்தக் கடிதத்தை கிளப் கதவிடுக்கில் தன் கையால் போட்டவள் டிம்ப்னா. அழைப்பு வரவே இல்லையே என்று வாரக்கணக்கில் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

அடுத்த வருஷம் இருக்கிறதே என்றார் ஹெஸ்லின். அவர் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை அதுதான். அடுத்த வருடம் இருந்தது. அந்த வயதுப் பிரிவில் அவளுக்கு அதுவே கடைசி வருடமாகவும் இருந்தது.

அந்த அடுத்த வருட நவம்பரில், கோப்பைக் கால் இறுதியில், லஃப்வில் என்ற ஏரிக்கரை ஊர்ப் பெண்கள் எங்கள் மைதானத்துக்கு வந்து ஆடவேண்டும் என்று சீட்டு விழுந்தது. தேர்வாளர் மரேட் டெவனி இந்த முறை டிம்ப்னாவின் வீட்டு முகவரிக்கே எழுதினாள். ஞாயிறு பன்னிரண்டு மணி ஆட்டத்துக்கு வருகிறேன், செவ்வாய்க்கிழமை பட்டியல் போய்விடும், அந்த இடது கால் பெண்ணை அதற்குமுன் ஒருமுறை பார்க்கவேண்டும். இதுதான் கடைசி வாய்ப்பு என்பது டிம்ப்னாவுக்குத் தெரியும், ஆல்வாவுக்குத் தெரியும், ஹெஸ்லினுக்கும் தெரியும். தெரியாது என்று பிறகு ஒருமுறை என்னிடம் சொன்னார். டிம்ப்னா அந்தக் கடிதத்தை அவர் கடைக் கல்லாவின் மேல் விரித்து வாசித்துக் காட்டியபோது நான் தள்ளுவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன்.

சிக்கல் என்னவென்றால், அதே ஞாயிறு இரண்டரை மணிக்கு ஆண்கள் இரண்டாம் அணிக்குப் பக்கத்து ஊர் ட்ரம்சாலக் அணியோடு ஆட்டம். இரண்டாம் அணி என்றால் இருபத்தைந்து வயதிலேயே வயிறு வைத்துவிட்டவர்கள் ஆடுவது. ஆனால் ட்ரம்சாலக் என்றால் ஹெஸ்லினுக்கு முப்பது வருடப் பகை. பெண்கள் மிதித்த மைதானத்தில் தன் வீரர்கள் எப்படி ஆடுவார்கள் என்று கவலைப்பட்டார். ஆட்டத்தைத் தள்ளி வையேன் என்று டிம்ப்னாவிடம் கேட்டார். முடியாது என்றாள். மழை வந்தால் என்ன செய்வாய் என்றார். வரட்டும், நனைந்துகொள்கிறோம் என்றாள்.

மழை வரவில்லை. அயர்லாந்தின் நடுவில், நவம்பரில், எட்டு நாள் மழை இல்லாமல் போனது. மைதானம் நான் பார்த்ததிலேயே நன்றாக இருந்தது.

சனிக்கிழமை நாலரை மணி, பொழுது சாய்கிற நேரம். நான் கோடு போட்டு முடித்து எந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஹெஸ்லின் உடை மாற்றும் அறைக் குழாயில் நீளமான ரப்பர் ஹோஸை மாட்டி, சாலைப் பக்கத்து கோல் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். தண்ணீரைத் திறந்துவிட்டார். பூஞ்செடிக்கு ஊற்றுகிறவர் மாதிரி, நிதானமாக, கம்பத்துக்குக் கம்பம் ஊற்றினார்.

"என்ன கோர்மக், எட்டு நாள் காஞ்சதுக்கே தாங்கலையா?" என்றேன்.

"கோல் வாசல் கட்டியா இருக்குப்பா. புள்ளைங்க விழுந்தா அடிபடும்."

"எந்தப் புள்ளைங்க?"

அவர் ஹோஸை அடுத்த கம்பத்துக்கு இழுத்தார். "யூஜின், அந்த ஏறி உக்காந்து ஓட்டுற புல்வெட்டி கேட்டியே, வர்ற மாசக் கமிட்டில வைக்கிறேன்," என்றார்.

அவர் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. பெண்கள் ஆட்டத்துக்கு வரும் நடுவர் முல்லிங்கரிலிருந்து வருகிற கறாரான ஆள். குதிகால் ஈரத்தில் புதைந்தால் யோசிக்காமல் ரத்து செய்வார். ஆண்கள் ஆட்டத்துக்கு வருபவர் ஹெஸ்லினோடு பள்ளியில் படித்தவர். கொட்டகையில் எட்டு மூட்டை மரத்தூள் தயாராக இருந்தது. ஒரு மணிக்கு அதைக் கொட்டிப் பரப்பினால் இரண்டரைக்கு ஆட்டம் நடக்கும்.

புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கையால் தள்ளுகிற எந்திரத்தோடு மல்லுக்கட்டியவன். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி என் கண்முன் வந்து நின்றது. கொட்டகையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஹெஸ்லினைப் பற்றி நான் சொல்கிற எதையும் இதையும் சேர்த்தே நீங்கள் கேட்கவேண்டும்.

ஆனால் ஹெஸ்லின் ஒன்றை மறந்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் மறப்பதுதான். மழையும் ஈரமும் தவிர வானத்துக்கு வேறு வேலை தெரியும் என்பது எங்களுக்கு ஞாபகமே வருவதில்லை. அன்று இரவு வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. விடியும்போது பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரி.

காலை ஒன்பதரைக்குப் போனேன். மைதானம் முழுக்க மெல்லிய வெள்ளை. அது காய்ந்த மண்ணின் மேல் படிந்த பனி. வெயில் பட்டதும் பத்தரைக்கெல்லாம் போய்விடும், அடியில் மண் மெத்தென்றே இருந்தது. கோல் வாசல் மட்டும் வேறு நாட்டு நிலம் மாதிரி இருந்தது. ஊற்றிய தண்ணீர் இரண்டு அங்குலத்துக்குப் பாளமாக உறைந்து, பக்கத்து மர வேலியின் நிழலில் நீலமாகக் கிடந்தது. வேலிக்கு அந்த மரங்களை நட்டதும் ஹெஸ்லின்தான். குழாயிலிருந்து கோல் வரை ஹோஸ் கிடந்தது. சுருட்ட மறந்துவிட்டார். இப்போது அதைச் சுருட்டவும் முடியாது, உள்ளே தண்ணீர் உறைந்து இரும்புக் குழாய் மாதிரி விறைத்திருந்தது.

முல்லிங்கர் நடுவர் வந்து குதிகாலை ஊன்றினார். பீங்கான் தட்டைத் தட்டியதுபோலச் சத்தம் வந்தது. இன்னொருமுறை ஊன்றினார். ஹோஸைப் பார்த்தார். ஆட்டம் கிடையாது என்றார்.

ஹெஸ்லின் டிம்ப்னாவின் தோளில் கை வைத்து, இயற்கையை என்ன செய்யமுடியும் என்று பெருமூச்சு விட்டார். அந்தக் கை அங்கே இருக்கும்போதே டிம்ப்னா பையிலிருந்து கோப்பை விதிப் புத்தகத்தை எடுத்தாள். தபால்காரி, எந்தத் தாளையும் வாசிக்காமல் விடமாட்டாள். உள்ளூர் மைதானம் ஆடத் தகுதியில்லை என்றால், வந்திருக்கிற அணியின் மைதானம் தகுதியாக இருக்கிற பட்சத்தில், அன்றே அங்கே ஆடலாம் என்றது விதி. லஃப்வில் ஏரியோரம் இருக்கிற ஊர். ஏரி பக்கத்து மண்ணை உறைய விடாது. பேருந்தில் வந்திருந்த லஃப்வில் பயிற்சியாளர் ஊருக்குப் போன் போட்டுக் கேட்டாள். மைதானம் நன்றாக இருக்கிறது, ஆடுகள் மட்டும் உள்ளே நிற்கின்றன, துரத்திவிடுகிறோம் என்று பதில் வந்தது.

பதினைந்து நிமிடத்தில் இரண்டு அணியும் ஒரே பேருந்தில் ஏறின. ஒன்றரைக்கு ஆட்டம் என்று முடிவானது. ஆல்வா கடைசியாக வந்தாள். ஹோஸ் கிடந்த வழியாகவே நடந்து, குழாயிலிருந்து கோல் வரை அதைப் பார்த்துக்கொண்டே போய், ஹெஸ்லின் முன்னால் நின்றாள்.

"குளிர்காலத்துல தண்ணி ஊத்தினா புல்லு வளராதுங்க," என்றாள். "யூஜின் உங்களுக்குச் சொல்லலையா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தேர்வாளருக்குத் தகவல் சொல்ல வழியில்லை. கடிதத்தில் அலுவலக எண்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அது அடித்துக்கொண்டே இருந்தது. பதினொன்றே முக்காலுக்கு மரேட் டெவனியின் கார் உள்ளே வந்தபோது மைதானத்தில் இருந்தவர்கள் நானும் ஹெஸ்லினும்தான். நான் மண் கிளறுகிற முள்வாரியால் பாளத்தைக் குத்திக்கொண்டிருந்தேன். அவர் காரை நோக்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

ஆட்டம் ரத்து என்றார். மிகவும் வருத்தம் என்றார். டப்ளினிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததற்கு உள்ளே வந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகலாமே, இரண்டரைக்கு ஆண்கள் ஆட்டம் இருக்கிறது, விருப்பமிருந்தால் பார்க்கலாம் என்றார். எங்கே போயிருக்கிறார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

அந்தப் பெண்மணி அவருடைய கோட்டில் தைத்த எழுத்துகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரத்தா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இங்க ரத்து," என்றேன். "லஃப்வில்ல ஒன்றரைக்கு ஆடுறாங்க. இங்கேருந்து நாப்பது மைல். பாலத்துக்கிட்ட இடது பக்கம் போங்க, போர்டு பாத்து வலது பக்கம் போயிடாதீங்க."

இதை நான் வீரமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. முதல் நாள் சொல்லியிருந்தால் அது வீரம். இது நேராக வந்த கேள்விக்கு நேராக வந்த பதில், அவ்வளவுதான். புல்வெட்டி அத்தோடு போயிற்று.

ஆண்கள் ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மூட்டை மரத்தூளையும் கொட்டினார்கள். பனிப்பாளத்தின் மேல் அது கேக்கின் மேல் தூவிய சர்க்கரை மாதிரி கிடந்தது. பள்ளித்தோழர் நடுவர் எப்படியாவது ஆட்டத்தை நடத்திக் கொடுக்கிற ஆசையில், எல்லாம் சரியாத்தானே இருக்கு என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடி, மல்லாந்து விழுந்தார். ட்ரம்சாலக்காரர்கள் கைதட்டினார்கள். ஹோஸ் அப்போதும் அங்கேயே கிடந்ததால் விளக்கம் தேவைப்படவில்லை. ஆட்டம் நடக்காமலே புள்ளிகள் அவர்களுக்குப் போயின.

லஃப்வில்லில் நடந்ததை டிம்ப்னா என்னிடம் சொன்னதிலிருந்து எழுதுகிறேன். அவள் பத்து தடவை சொல்லியிருக்கிறாள். பத்து தடவையும் ஒரே மாதிரி சொன்னதால் நம்புகிறேன்.

முதல் பாதியில் ஆல்வா இரண்டு கோல் போட்டாள். இரண்டாவது, பாதி மைதானத்திலிருந்து தனியாகக் கொண்டுபோய்ப் போட்டது. அதைப் பார்க்கவேண்டியவள் அப்போது பாலத்துக்கிட்ட வலது பக்கம் போயிருந்தாள். என் பேச்சை விட்டு போர்டை நம்பியிருக்கிறாள்.

இடைவேளையில் சிக்கல் வந்தது. எங்கள் கோல்கீப்பர் டெர்வல், பெட்ரோல் பங்க் கடையில் சிக்கன் ரோல் கட்டுகிறவள். பன்னிரண்டு மணி ஆட்டம் என்று நம்பி மூன்றரை மணி வேலைக்கு ஒத்துக்கொண்டிருந்தாள். அப்பா காரோடு வந்து நின்றார். ஏற்கெனவே இரண்டு முறை பிந்தியதால் இனி பிந்தினால் வேலை போய்விடும். அழுதுகொண்டே கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். மிச்சமிருந்த ஒரே மாற்று ஆட்டக்காரி நூலா, பதினைந்து வயது, ஐந்தடி. கோலில் நிற்கச் சொன்னதும் வாந்தி எடுத்தாள். வேறு யாரும் கையுறையைத் தொடவில்லை. ஆல்வா எடுத்து மாட்டிக்கொண்டாள். நூலா ஆல்வாவின் இடத்தில் நடு ஆட்டத்துக்குப் போனாள்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் லஃப்வில் ஒரு கோல் போட்டது. அப்போதுதான் மரேட் டெவனி மூலைக்கொடி அருகே வந்து நின்றாள். டிம்ப்னா கோலுக்குப் பின்னால் ஓடினாள்.

"ஆல்வா, அவங்க வந்தாச்சு. வெளிய வா. நூலாவ உள்ள நிறுத்துறேன்."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"அரை மணிக்கு மேல இருக்கு. அரை மணி போதும்டி உனக்கு. கையுறையைக் கழட்டு."

ஆல்வா நூலாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் சட்டையில் வாந்திக் கறை காயவில்லை.

"அவள நிக்க வெச்சா மூணு வாங்குவோம்," என்றாள். "ஊரே நாளைக்கு அவ மூஞ்சியப் பாத்துச் சிரிக்கும். தலைவர் மொதல்ல சிரிப்பாரு. வேணாம் டிம்ப்னா. நான் இங்கேயே நிக்கிறேன்."

டிம்ப்னா அதட்டினாள். கெஞ்சினாள். பந்து வந்ததால் பேச்சு முடிந்தது.

அவளுக்குக் கோலில் நிற்கத் தெரியாது. பாயத் தெரியாது. கையால் பிடிப்பதைவிடக் காலால் தடுப்பது சுலபம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. கோல் கோட்டிலிருந்து பத்தடி இருபதடி முன்னால் வந்து நின்றுகொண்டாள். தன் தடுப்பாட்டக்காரிகளுக்குப் பின்னால் விழுகிற பந்தையெல்லாம் காலிலேயே வாங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, இடது காலால் ஆள் பார்த்துக் கொடுத்தாள். நடு ஆட்டக்காரி செய்கிற வேலையைக் கோலிலிருந்து செய்தாள். ஒருமுறை நாற்பது கஜம் தள்ளி நூலாவின் காலுக்கே பந்தைக் கொடுத்தாள். அந்தப் பெண் வாழ்நாளில் முதல்முறையாக யாரையோ தாண்டி ஓடினாள். ஆட்டம் இரண்டுக்கு ஒன்றில் முடிந்தது. எங்கள் பெண்கள் ஜெயித்தார்கள். ஆல்வா கையுறையோடு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். முடிந்துபோயிற்று என்றுதான் நினைத்திருக்கிறாள்.

மரேட் டெவனி வந்து அவள் முன்னால் நின்றாள்.

"நீ நடு ஆட்டக்காரின்னு எழுதியிருந்தாங்க."

"ஆமா."

"எத்தன நாளா கோல்ல நிக்கிற?"

"நாப்பத்தஞ்சு நிமிஷமா."

அவள் சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ அடித்து எதையோ எழுதினாள். நடு ஆட்டத்துக்கு அவளிடம் ஆறு பேர் இருந்தார்கள். காலால் ஆடத் தெரிந்த கோல்கீப்பர் ஒருத்திகூட இல்லை. செவ்வாய்க்கிழமை பட்டியலில் ஆல்வா டோர்மி மூன்றாவது கோல்கீப்பர் என்று வந்தது.

அதன்பிறகு ஒன்பது வருடம். ஊர்க்காரர்கள் நினைப்பது மாதிரி அது விளக்கு வெளிச்சத்தில் நடந்த வாழ்க்கை இல்லை. இளையோர் அணி, தேசிய லீகில் மூன்று வருடம், பிறகு ஸ்காட்லாந்து, பிறகு இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவு. நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு. காலையில் பயிற்சி, மாலையில் நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. இரண்டு விரல் உடைந்து கோணலாகச் சேர்ந்தது. நாட்டு அணிக்கு முப்பத்தொரு முறை அழைத்தார்கள். இருபத்தெட்டு முறை கோட்டை மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். கோல்கீப்பர் வேலையை அவள் ஒருநாளும் நேசித்ததில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது டிம்ப்னாவின் சமையலறையில் சொல்லியிருக்கிறாள்: "நான் ஆடுறவ. ஆட்டத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறவளா என்ன ஆக்கிட்டாங்க."

மூன்றாவது ஆட்டத்தில், முதல் கீப்பருக்கு அடிபட்டு இவள் உள்ளே போனாள். கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டியைக் காலால் தடுத்தாள். தொலைக்காட்சியில் வந்தது. எங்கள் ஊருக்கு அப்போதுதான் அவளை ஞாபகம் வந்தது.

அக்டோபர் ஞாயிறு ஒன்றில் வரவேற்பு. எங்கள் வழக்கப்படி லாரியின் பின்தட்டு, வைக்கோல் கட்டு, மைக். லாரியை மைதானத்துக்குள்ளேயே ஏற்றி நிறுத்தச் சொன்னார் ஹெஸ்லின். நான் போட்ட வெள்ளைக் கோட்டின் மேலேயே நிறுத்தினார்கள். பதினான்கு வயதுப் பெண்கள் அணி சட்டை போட்டு இரண்டு வரிசையாகக் கொடி பிடித்து நின்றது.

ஹெஸ்லின் மைக்கைப் பிடித்தார். இந்தப் பெண்ணின் திறமை இந்த கிளப்புக்கு முதல்நாளே தெரியும் என்றார். இவள் கோல்கீப்பராகத்தான் வருவாள் என்று தானே அன்று சொன்னதாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அன்று ஹோஸைப் பார்த்தவர்களும் தட்டினார்கள்.

ஆல்வா வைக்கோல் கட்டிலிருந்து குனிந்து முன்வரிசைப் பெண் ஒருத்தியிடம் ஏதோ கேட்டாள். மைக் பக்கத்தில் இருந்ததால் பதில் எல்லாருக்கும் கேட்டது.

"இன்னிக்கு எங்களுக்கு மேட்ச் இருந்துச்சு. கேன்சல் பண்ணிட்டாங்க. கிரவுண்டு ஈரமாம்."

பதினோரு நாளாக மழை இல்லை.

ஆல்வா லாரியிலிருந்து இறங்கினாள். நல்ல உடுப்பு, நல்ல ஷூ. நேராகச் சாலைப் பக்கத்து கோல் வாசலுக்குப் போய், என் புதுப் பலகைக்கு முன்னால் நின்று, குதிகாலை ஊன்றி அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யூஜின், இது ஆடக்கூடாத கிரவுண்டா?"

"ஆடலாம்," என்றேன். "லாரிய எடுத்தா."

எதிரணி வந்திருக்கவில்லை. பதினான்கு வயதுப் பெண்களையே இரண்டாகப் பிரித்தாள். நடுவே தான் போய் நின்றாள், பத்து வருடத்துக்கு முன்னால் நின்ற இடத்தில். அப்போ கோலுக்கு யாரு என்று ஒரு பெண் கேட்டாள்.

"தலைவர் நிக்கட்டும்," என்றாள் ஆல்வா. "அந்த எடம் அவருக்கு நல்லா பழக்கம்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஹெஸ்லினும் சிரித்தார். கோட்டைக் கழற்றாமல் போய் நின்றார். இருபது நிமிடத்தில் ஏழு கோல் வாங்கினார். ஆல்வா ஒன்றுகூடப் போடவில்லை. எல்லாவற்றையும் அந்தப் பெண்களின் காலுக்குக் கொடுத்தாள். ஓடும்போது ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பெனால்டி தடுத்த அன்றுகூடத் தொலைக்காட்சியில் நான் பார்க்கவில்லை.

அந்த வாரப் பத்திரிகையில் படம் வந்தது. நடுவில் ஹெஸ்லின், கைகளை விரித்தபடி. பந்து அவருக்குப் பின்னால் வலையில். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு கிளப் சுவரில் மாட்டியிருக்கிறார். சர்வதேச ஆட்டக்காரியோடு ஆடியிருக்கிறேன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். தனக்கு என்ன நடந்தது என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை. புரியவைக்கிற சிரமத்துக்கு அவர் தகுதியானவரும் இல்லை.

அடுத்த ஞாயிறு பதினான்கு வயதுப் பெண்களுக்கு மீண்டும் ஆட்டம் இருந்தது. மைதானம் ஈரம், ரத்து என்று சொல்லிவிடு என்று வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து எனக்குத் தகவல் வந்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை. ஞாயிறு காலை சீக்கிரம் போய்க் கோடு போட்டேன். பன்னிரண்டு மணிக்கு ஆடினார்கள்.